போனைக் கீழே வை என்று சொல்வதற்கு முன்

சில மாதங்களுக்கு முன் என் தங்கை மகள் ஒரு கேள்வித்தாளோடு வந்தாள். தாள் என்று சொன்னாலும் அது தாள் இல்லை, போனில் வந்த படிவம். அவள் படிக்கிற கல்லூரியில் முதுகலை படிக்கும் அக்கா ஒருத்தி ஆய்வுக்காக எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாள். மூன்று பகுதி. மன அழுத்தம் எவ்வளவு, சமூக ஆதரவு எவ்வளவு, கைபேசி அடிமைத்தனம் எவ்வளவு. போனுக்கு நீ எவ்வளவு அடிமை என்பதைப் போனிலேயே நிரப்பிப் போனிலேயே அனுப்ப வேண்டும்.

"மாமா, ஒரு கேள்வி வெளங்கல. எனக்குக் கஷ்டம்னு வந்தா பக்கத்துல வந்து நிக்க ஒரு ஆள் உண்டுமா, இல்லியான்னு கேட்டிருக்கு. ஒண்ணுலேருந்து ஏழுக்குள்ள எந்த நம்பரப் போட?"

"ஆள் உண்டுமா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கையிலிருந்த போனைத் தூக்கிக் காட்டினாள். "இதாக்கும்." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் படிவத்தில் வயது கேட்டிருந்தது. ஆணா பெண்ணா, நகரமா கிராமமா, அப்பாவின் வருமானம், விடுதியா வீடா எல்லாம் கேட்டிருந்தது. சாதி மட்டும் இல்லை. சாதிச் சான்றிதழ் இல்லாமல் ஒரு காகிதமும் மேசையை விட்டு நகராத நாட்டில், மனுஷிக்குள்ளே இருக்கும் வெப்ராளத்தை அளக்கும்போது மட்டும் சாதி காணாமல் போய்விடுகிறது. ஆய்வு செய்கிற பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்ட அளவுகோலை அவள் வைத்து அளக்கிறாள். அழுத்தத்தை அளக்கும் கேள்விகளை அமெரிக்காவில் ஷெல்டன் கோஹனும் சகாக்களும் 1983இல் அமைத்தார்கள். ஆதரவை அளக்கும் பன்னிரண்டு கேள்விகள் ஜிமெட் என்பவரும் மற்றவர்களும் 1988இல் வெளியிட்டது. குடும்பம், நண்பர்கள், தனக்கென்று ஒரு முக்கியமான ஆள் என்று மூன்று கூறு. போன் பழக்கத்தை அளக்கும் பத்துக் கேள்விகள் 2013இல் தென் கொரியாவிலிருந்து வந்தவை. இந்த மூன்றையும் ஒன்றாகத் தைத்து உலகமெங்கும் பல்கலைக்கழக மாணவர்களிடம் நீட்டுகிறார்கள். பெரும்பாலும் வருகிற பதிலும் ஒன்றுதான். அழுத்தம் கூடினால் போனும் கூடுகிறது, ஆதரவு கூடினால் போன் குறைகிறது.

இந்த முடிவு பொய் என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரிகிறது. என் சந்தேகம் வேறு. ஆதரவு என்பதை இந்த அளவுகோல்கள் சட்டைப்பையில் கிடக்கும் சில்லறை மாதிரி எண்ணுகின்றன. ஒருத்தியிடம் நிறைய இருக்கிறது, இன்னொருத்தியிடம் குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான். அது ஏன் குறைந்தது, யார் எடுத்துக்கொண்டார்கள், யார் கொடுக்க மறுத்தார்கள் என்ற கேள்வி அங்கே இல்லை. இல்லாமை வேறு, மறுக்கப்பட்டது வேறு. குளத்தில் தண்ணீர் இல்லாததும், தண்ணீர் நிறைந்த குளத்தில் நீ இறங்கக் கூடாது என்பதும் தாகத்துக்கு ஒன்றாகத் தெரியலாம். நியாயத்துக்கு ஒன்றாகத் தெரியக் கூடாது.

*

முதலில் இந்த 'அடிமை' என்ற சொல்லைப் பார்ப்போம். குடிக்கு அடிமை, சினிமாவுக்கு அடிமை, இப்போது போனுக்கு அடிமை. நாஞ்சில் நாட்டில் இருந்துகொண்டு இந்தச் சொல்லை இவ்வளவு லேசாகப் புழங்க முடிகிறதே என்று எனக்கு ஆச்சரியம். அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் ஆட்களை அடிமையாக விற்றதும் வாங்கியதும் எழுதிக் கிடக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடிமை முறை சட்டப்படி முழுசாக ஒழிந்தது 1855இல்தான். நிலத்தோடு சேர்த்து மனுஷனையும் மனுஷியையும் கைமாற்றிய மண் இது. அந்த அடிமை சங்கிலியை ஆசைப்பட்டுக் கையில் எடுத்தவன் அல்ல. சங்கிலிக்கு ஒரு மறுமுனை இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் இருந்தான்.

போனுக்கு அடிமை என்று சொல்கிறபோது அந்த மறுமுனை மறைந்துவிடுகிறது. பிடித்திருக்கிற பிள்ளையின் விரல் மட்டும் தெரிகிறது. குற்றம் விரலுக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறைக்கு வந்ததில், மின்னணு விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று உண்டு. கைபேசி அடிமைத்தனம் என்று தனி நோய் அதில் இல்லை. ஆனால் நம் கல்லூரிகளில் நடக்கும் 'விழிப்புணர்வுக் கூட்டங்களில்' அது காலரா மாதிரி பேசப்படுகிறது. மேடையில் பேசுகிறவரின் போன் நடுவில் இரண்டு தடவை அடிக்கும், அது கணக்கில் வராது.

கிணற்றில் விழுந்தவள் கயிற்றைப் பிடித்திருக்கிறாள். மேலே நின்று பார்க்கிறவர்கள், பார்த்தாயா, இவளுக்குக் கயிற்றின் மேல் எவ்வளவு ஆசை என்று பேசிக்கொண்டால் எப்படி இருக்கும்? இந்த உவமையில் ஒரு கோளாறும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

*

கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் படிப்பைப் பற்றிப் பேசாமல் விடுவதில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அதே கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் இங்கே நூற்றுக்கு நான்கு பேர்கூட முழுசாக இல்லை. மாநிலம் முழுக்க நூற்றுக்கு இருபது. விழுப்புரத்திலோ திருவாரூரிலோ ஒரு பையன் சேரியிலிருந்து கல்லூரிக்குப் போனால் அவனோடு பஸ்ஸில் பத்துப் பேர் ஏறுவார்கள். அடி விழுந்தாலும் சேர்ந்து விழும், திருப்பிக் கேட்டாலும் சேர்ந்து கேட்கலாம். இங்கே நம் குடியிருப்புகள் வாழைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவே பத்து வீடு, இருபது வீடாகச் சிதறிக் கிடக்கின்றன. என் மருமகள் வகுப்பில் அறுபது பேர். நம் ஆட்கள் அவளைச் சேர்த்து மூன்று. பதினெட்டு சதவீத ஒதுக்கீடு சிறுபான்மை நிறுவனங்களின், சுயநிதி வகுப்புகளின் வாசலில் எப்படி நின்றுவிடுகிறது என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அந்த மூன்று பேரிலும் ஒருத்தி காகிதத்தில் தலித் அல்ல. அவளுடைய பூட்டன் இரட்சணிய சேனையில் சேர்ந்தவர். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராகிவிட்டால் பட்டியல் சாதி இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ 47 சதவீதம் கிறிஸ்தவர்கள் என்னும்போது, நூற்றுக்கு நான்கு என்ற கணக்குக்கு வெளியே எத்தனை பேர் கிடப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒதுக்கீட்டுக்கு அவள் பறைச்சி இல்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஆலோசனைக்கு அவள் பறைச்சிதான். இப்படிப்பட்டவள் 'நண்பர்கள் ஆதரவு' என்ற கட்டத்தில் எந்த எண்ணைப் போடுவாள்?

இந்த மாவட்டத்தில் புராட்டஸ்டண்ட் பள்ளிக்கூடத்தின் கதையே மயிலாடியில் ஒரு சாம்பவர் வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. மகாராசன் என்ற பெயருடையவர் தஞ்சாவூர் போய் வேதமாணிக்கமாகத் திரும்பி வந்தார். அவர் அழைத்துத்தான் ரிங்கல்தௌபே 1806இல் இந்தப் பக்கம் வந்தார். 1809இல் மயிலாடியில் கோயில் எழுந்தது. அதன் பின்னால் பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், நாகர்கோவிலில் கல்லூரி எல்லாம். ஏணியை முதலில் சுவரில் சாய்த்தவன் யார் என்பதை இன்றைக்கு அந்த ஏணியில் நிற்பவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? தோள்சீலைக்காக அடிபட்ட பாட்டிகளின் பேத்திகளும் பேரன்களும்தான் என் மருமகளின் வகுப்பில் பெரும்பான்மை. தாங்கள் பட்ட அடி அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. தங்களுக்குக் கீழே ஒருத்தி நின்றது ஞாபகம் இல்லை.

*

திருவிதாங்கூரில் சாதியை அடிக்கணக்கில் அளந்தார்கள். இன்ன சாதியான் இன்ன சாதியானிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு. தொட்டால் மட்டுமல்ல, கிட்டே வந்தாலும் தீட்டு, சில சாதிகளுக்குக் கண்ணில் பட்டாலே தீட்டு. அதனால்தான் அய்யங்காளி 1893இல் வில்வண்டி ஏறிப் பொதுவழியில் போனது ஒரு போராட்டமானது. தூரம்தான் சாதி. தூரத்தைக் குறைத்தால் சாதி குறையும் என்று நாமும் நம்பினோம். வழி திறந்தது, 1936இல் கோயில் திறந்தது, பள்ளிக்கூடம் திறந்தது, பக்கத்து பெஞ்சு வரைக்கும் வந்தாகிவிட்டது. அப்புறம் போன் வந்தது. தூரமே இனி இல்லை என்றார்கள்.

மருமகள் சொன்ன சம்பவம் இது. வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. அறுபது பேரும் இருக்கிறார்கள். பாடக்குறிப்பு, தேர்வு அட்டவணை, 'குட்மார்னிங்' எல்லாம் அதில் வரும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வகுப்புத் தோழிகளின் ஸ்டேட்டஸை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறாள். ஒருத்தியின் பிறந்தநாள். திற்பரப்பு அருவியில் ஈரத்தோடு நிற்கிற படம், வேனுக்குள் பாட்டுப் பாடுகிற படம். எண்ணிப் பார்த்தாள். அவளுடைய பெஞ்சில் உட்காருகிற ஐந்து பேரில் நான்கு பேர் அந்தப் படத்தில் இருந்தார்கள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இன்னொரு குழு இருந்திருக்கிறது, இவர்கள் மூன்று பேர் இல்லாமல். முதலாண்டிலிருந்தே.

"யாரும் ஒண்ணும் சொல்லல மாமா. ஏசவும் இல்ல. திங்கக்கெழம வந்து நல்லாத்தான் பேசினா."

அன்று இரவு இரண்டு மணி வரைக்கும் அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். படிவத்தின் கணக்குப்படி இது கைபேசி அடிமைத்தனம், மதிப்பெண் ஆறுக்கு ஆறு.

இதைச் சொல்லி எந்தக் காவல் நிலையத்தில் மனு கொடுப்பது? 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வேனில் ஏற்றாததற்குப் பிரிவு கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் கொண்டுவந்த சமத்துவ விதிகள் பல பாகுபாடுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகின்றன. ஆனால் ஒரு குழுவில் சேர்க்காததை நிரூபிக்க எந்தச் சாட்சியை அழைத்துப் போவது? தத்துவார்த்தமாகப் பார்த்தாலும் சிக்கல் இருக்கிறது. நட்பை உரிமையாகக் கேட்க முடியுமா? என்னோடு சிநேகமாக இரு என்று ஒருத்தியைக் கட்டாயப்படுத்த முடியுமா? முடியாது. கட்டாயத்தில் வருவது சிநேகம் அல்ல. அவளவள் பிறந்தநாளுக்கு அவளவளுக்குப் பிடித்தவர்களைக் கூப்பிடுகிறாள், இதில் அநியாயம் எங்கே என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது.

நான் பல நாள் யோசித்து வந்து நின்ற இடம் இது. ஒருத்தியின் விருப்பம் சொந்த விருப்பமாக இருக்கலாம். ஐம்பத்தேழு பேரின் சொந்த விருப்பமும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, அந்தப் பக்கத்துக்கு வெளியே எப்போதும் அதே மூன்று பேர் நிற்கிறார்கள் என்றால் அதற்குப் பெயர் விருப்பம் அல்ல. அது ஒரு ஏற்பாடு. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்காத ஏற்பாடு. சாதியின் பலமே அதுதான். அதைச் செய்வதற்கு ஒருத்தரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் சகோதரத்துவத்தைப் பற்றி அவ்வளவு அழுத்திப் பேசியது இதனால்தான் என்று இப்போது படுகிறது. சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் சட்டம் எழுதலாம். சகோதரத்துவத்துக்கு எழுத முடியாது. எழுத முடியாத அந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். பிறகு 'உனக்கு ஆதரவு உண்டா' என்று அவர்களிடம்தான் கேட்கிறோம். உட்கார வைத்தவர்களிடம், நீ யாருக்கு ஆதரவு கொடுத்தாய் என்று கேட்கிற அளவுகோல் ஒன்றை யாரும் செய்ததாகத் தெரியவில்லை.

*

அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்தவர்களுக்கு 1901ஆம் ஆண்டு கோரேகாவ் பயணம் மறக்காது. அப்பாவைப் பார்க்கப் போகும் பிள்ளைகள், ஸ்டேஷனில் இறங்கினால் ஆள் இல்லை. வருகிறோம் என்று எழுதிய கடிதத்தை வேலைக்காரன் அப்பாவிடம் கொடுக்க மறந்துவிட்டான். வண்டிக்காரர்கள் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள், குடிக்கத் தண்ணீர் இல்லை, இரவு முழுக்கப் பசி. அந்தப் பிள்ளைகள் கையில் ஒரு போன் இருந்திருந்தால்? கடிதம் சேரவில்லை என்பது தீர்ந்திருக்கும், அப்பா வந்திருப்பார். ஆனால் வண்டிக்காரன் ஏற்றியிருப்பானா? தண்ணீர் கிடைத்திருக்குமா? போன் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

அதே நூலில் 1917 பரோடா. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பியவர், வேறு இடம் கிடைக்காமல் பார்சி விடுதி ஒன்றில் பார்சியாகப் பெயர் எழுதித் தங்குகிறார். தட்டுமுட்டுச் சாமான் குவிந்த பெரிய மாடிக்கூடம், வெளிச்சம் சரியாக இல்லை, பேச ஒரு மனுஷ ஜீவன் இல்லை. அந்தத் தனிமையை மறக்கப் புத்தகத்துக்குள் புகுந்துகொள்கிறார். யாரும் அவரைப் புத்தக அடிமை என்று எழுதவில்லை. தனிமையிலிருந்து தப்ப மனுஷன் எதையாவது பிடிக்கத்தான் செய்வான். பிடிப்பது கௌரவமான பொருளாக இருந்தால் அது அறிவுத் தேடல். நம் பிள்ளை பிடிக்கும் பொருள் போனாக இருப்பதால் அது வியாதி.

இங்கேதான் கயிற்று உவமையின் கோளாறைச் சொல்ல வேண்டும். புத்தகம் படிக்கிறவனைப் பார்த்துப் புத்தகம் கற்றுக்கொள்வதில்லை. போன் கற்றுக்கொள்கிறது. எந்தப் படத்தில் அவள் விரல் நின்றது, எத்தனை நொடி நின்றது, எந்த நேரத்தில் அவளுக்குத் தூக்கம் இல்லை என்பதெல்லாம் கம்பெனியின் கணக்கில் ஏறுகிறது. முடிவே இல்லாமல் உருண்டுகொண்டிருக்கும் திரை தற்செயலாக அமைந்ததல்ல, அப்படிச் செய்திருக்கிறார்கள். நம் கண் அங்கே நிற்கிற நேரத்தைத்தான் விளம்பரக்காரனுக்கு விற்கிறார்கள். பண்ணையார் உடம்பை வாங்கினான், இவன் கண்ணை வாங்குகிறான். கூட்டாளி இல்லாதவள், கூப்பிட ஆளில்லாதவள், இரவு இரண்டு மணிக்கும் விழித்திருப்பவள், இவளைவிட நல்ல வாடிக்கையாளர் அவனுக்குக் கிடைப்பாளா? சாதி தனிமையை உற்பத்தி செய்கிறது, கம்பெனி அதைக் கொள்முதல் செய்கிறது. ஆக, நான் போனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. கயிறு ஒன்று உண்டு, அதன் மறுமுனையிலும் ஒருத்தன் இருக்கிறான். அவன் தூக்கிவிடுவதற்காக நிற்பவன் அல்ல.

*

அப்படியானால் போனைப் பிடுங்கிவிடலாமா? 2020 ஜூன் 1. கொரோனா ஊரடங்கில் கேரளத்தில் ஆன்லைன் வகுப்புகள் தொடங்கிய முதல் நாள். நமக்குப் பக்கத்து மாநிலம், முன்பு நம் சமஸ்தானமும் சேர்ந்த மாநிலம். மலப்புரம் மாவட்டம் வளாஞ்சேரி அருகே பதினான்கு வயது தலித் மாணவி ஒருத்தி அன்றைக்கு உயிரை விட்டாள். வீட்டில் டிவி பழுது, ஸ்மார்ட்போன் இல்லை. அப்பா கூலி வேலைக்காரர், ஊரடங்கில் வேலை இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை. போன் இல்லாததால் ஒரு பிள்ளை போய்விட்டாள். போன் இருப்பதால் நம் பிள்ளைகள் நோயாளிகள். இரண்டுக்கும் நடுவே நம் ஜனம் எங்கே நிற்பது?

நம் வீடுகளில் போன் என்பது ரேஷன் கார்டு மாதிரி ஆகிவிட்டது. உதவித்தொகைக்கு விண்ணப்பம் போனில். ஓடிபி போனில். பணம் ஏறியதா என்று பார்ப்பது போனில். ஹால் டிக்கெட் போனில். ரீசார்ஜ் செய்யவில்லையென்றால் ஓடிபி வராது, ஓடிபி வராவிட்டால் உதவித்தொகை வராது, உதவித்தொகை வராவிட்டால் எதை வைத்து ரீசார்ஜ் செய்வது? அரசு மாதம் கொடுக்கிற ஆயிரம் ரூபாயில் ஒரு பகுதி அப்படியே கம்பெனிக்குப் போகிறது. அதுவும் அவர்களுக்கு மாதம் என்றால் இருபத்தெட்டு நாள். வருஷத்துக்குப் பதிமூன்று மாசம் கண்டுபிடித்த மகான்கள்.

அந்தப் படிவத்தில் இன்னொரு கேள்வி. ஏதாவது வந்திருக்கிறதா என்று அடிக்கடி போனை எடுத்துப் பார்ப்பாயா? என் தங்கை முந்திரி ஆலையில் தோல் உரிக்கப் போகிறவள். ஆலைக்குள் போனை எடுக்க விட மாட்டார்கள். மத்தியானச் சோற்று நேரத்தில் ஐந்து நிமிஷம் கிடைத்தால் மகளுக்கு ஒரு மிஸ்டுகால் கொடுப்பாள். கொல்லத்தில் கட்டட வேலைக்கு நிற்கிற அவள் புருஷன் சாரத்திலிருந்து இறங்கிய பிறகு கூப்பிடுவான். அது ஏழு மணியாகலாம், பத்து மணியும் ஆகலாம். மகள் வகுப்பில் உட்கார்ந்து அடிக்கடி போனை எடுத்துப் பார்க்கிறாள்தான். அதற்கும் ஆறுக்கு ஆறு. மாலைநேர டியூஷனுக்குக் காரில் கொண்டு விட்டு, அம்மா வாசலிலேயே காத்திருக்கிற பிள்ளைக்கு எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அதற்கு மதிப்பெண் இரண்டு.

*

2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வேமுலா இறந்தார். அவரையும் நான்கு தோழர்களையும் விடுதியிலிருந்து நீக்கியிருந்தார்கள். அவர்கள் வெட்டவெளியில் கூடாரம் போட்டு அதற்கு 'வெளிவாடா' என்று பேர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி என்று அர்த்தம். ஏழு மாத உதவித்தொகை வராமல் கிடந்தது. அவருடைய கடிதம் இரண்டே நாளில் நாடெங்கும் போன் போனாகப் போனது. நம் மாவட்டத்திலும் அன்றைக்குத்தான் பல பிள்ளைகள் ஒருத்தரையொருத்தர் போனில் கண்டுபிடித்தார்கள். பத்து வீடு, இருபது வீடாகச் சிதறிக் கிடந்த ஜனத்துக்குப் போன் ஒரு சேரியைக் கட்டிக் கொடுத்தது. இதை மறந்துவிட்டுப் போனைத் திட்டுவது நன்றிகெட்டதனம்.

2017 மார்ச்சில் டெல்லி ஜேஎன்யுவில் படித்த சேலத்து முத்துகிருஷ்ணன். 2019 மே மாதம் மும்பையில் டாக்டர் பாயல் தட்வி. 2023 பிப்ரவரியில் மும்பை ஐஐடியில் தர்ஷன் சோலங்கி. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் நிறுவனங்கள் ஏதாவது செய்கின்றன. ஆலோசனை மையம் திறக்கின்றன, யோகா வகுப்பு வைக்கின்றன. 2021 இறுதியில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் விடுதி அறைகளில் மின்விசிறிகளைக் கழற்றி மாற்றியது. 'டிஜிட்டல் விரதம்' இருக்கச் சொல்வதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த யோசனைதான். பொருளை எடுத்துவிட்டால் துன்பம் போய்விடும். 2007இலேயே எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியைப் பற்றித் தோரட் குழு, விடுதியில் தலித், பழங்குடி மாணவர்கள் எப்படித் தனித்து ஒதுக்கப்படுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தது. அதைப் படிப்பதைவிட மின்விசிறியைக் கழற்றுவது சுலபம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் நாங்குநேரி. 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு பிளஸ் டூ படித்த தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அவன் பள்ளிக்கு வராமல் இருந்ததை விசாரித்ததில்தான் அவனைப் படுத்திய பாடு வெளியே வந்தது. ஏன் வரவில்லை என்று பள்ளியில் ஒருத்தர் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விதான் ஆதரவு, அளவுகோல்களின் மொழியில் சொன்னாலும் அதுதான் ஆதரவு. ஆனால் அவன் வாய் திறந்து சொன்னதற்குக் கூலி அரிவாள். அரசு நீதிபதி சந்துரு குழுவை அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது, கையில் கட்டும் வண்ணக் கயிறு வரைக்கும் அது பேசியது. நான் யோசிப்பது வேறு. மௌனமாகப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் 'மனசு விட்டுப் பேசு' என்று சொல்கிற நாம், பேசிய பிறகு என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் தருகிறோமா? தராதபோது அவன் பேசாமல் இருப்பது புத்திசாலித்தனம் அல்லவா?

*

இவ்வளவும் மற்றவர்களைப் பற்றி எழுதியாகிவிட்டது. நம்மைப் பற்றியும் கொஞ்சம்.

நம் பையன்களின் இன்ஸ்டாகிராமில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். அவன் அரிவாள் படம் போட்டால் இவன் சிறுத்தைப் படத்துக்குக் கீழே அதே பாட்டு, அதே மீசை முறுக்கு. நம் படிப்பு வட்டங்களின் குழுக்களில் சாம்பவன் வேறு, புலையன் வேறு, அருந்ததியன் வேறு என்பது வெளியே சொல்லாமல் நடக்கிறது. நாகர்கோவிலில் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பிலிருந்து படிக்க வந்த பெண் ஒருத்தி எங்கள் குழுவில் எட்டு மாதம் இருந்தாள். அவள் போட்ட எந்தச் செய்திக்கும் யாரும் பதில் போடவில்லை என்பதை அவள் வெளியேறிய பிறகுதான் பார்த்தோம். 'லெஃப்ட்' என்று ஒரு வரி வந்தது, அதற்கும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திற்பரப்பு வேனைப் பற்றி நான் இவ்வளவு எழுதியதற்கு அவள் சிரித்தாலும் சிரிப்பாள்.

இன்னொன்று. பூதப்பாண்டிப் பக்கத்துப் பையன் ஒருத்தன், பி.எஸ்ஸி. இரண்டாமாண்டு. எங்கள் கூட்டங்களுக்கு வருவான், அதிகம் பேச மாட்டான். நாற்காலி எடுத்துப் போடுவான். நாலைந்து வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் கருத்தரங்கம். தலைப்பு உயர்கல்வியில் தலித்துகள். நான் பேசிக்கொண்டிருந்தபோது போன் சட்டைப்பையில் அதிர்ந்தது. மூன்று தடவை. எடுத்துப் பார்க்காமலே அமர்த்தினேன். முடிந்ததும் சாப்பாடு, பிறகு தோழர்களோடு பேச்சு, பிறகு பஸ். இரவில் பார்த்தபோது அவன் பெயர். காலையில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் மறந்துபோனேன். பத்துப் பதினைந்து நாள் கழித்து அவன் படிப்பை விட்டுவிட்டு எர்ணாகுளம் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். பரிசோதனைக் கூடத்தில் ஏதோ ஒரு சாமான் உடைந்து, பழி இவன் மேல் விழுந்து, அப்பாவைக் கூட்டி வா என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா இல்லாத பையன். கூட வந்து நிற்க ஒரு ஆள் தேவைப்பட்டது. எங்கள் ஊர்ப் பேச்சில் தொணை. ராத்திரி ஒற்றையடிப் பாதையில் போகிறவள் 'தொணைக்கு வா' என்று கேட்பாளே, அந்தத் தொணை.

அவன் அன்றைக்கு வைத்திருந்த போனும் அளவுகோலின்படி அடிமைத்தனத்தில்தான் சேர்ந்திருக்கும். மூன்று தடவை விடாமல் அடித்திருக்கிறானே.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய அன்று அந்தப் பழைய எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுக்க மாட்டான் என்றுதான் நினைத்தேன். எடுத்துவிட்டான். பின்னால் கலவை எந்திரம் சுற்றுகிற சத்தம்.

"ஆராக்கும்?"

சொன்னேன்.

"அண்ணாச்சியா? நல்லா இருக்கேளா? வீட்ல எல்லாரும் சுகம்தானே?" குரலில் ஒரு கோபமும் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "இப்பம் வேல நேரம் அண்ணாச்சி, மேஸ்திரி நிக்காரு. ராத்திரி நானே கூப்பிடுகேன்."

ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். நடுவில் இரண்டு தடவை சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன், ஒரு தடவை சத்தம் அமர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். வீட்டுக்காரி படுக்கப் போகிறபோது, "அந்தப் போனக் கொஞ்சம் கீழ வையுங்களேன்" என்றாள்.